‘ஆண்மைக்குறைவு’ எண்டால் என்ன? ஒரு வருத்தத்துக்கு வைத்த பெயர்களின் வரலாறு

பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் பார்த்திருப்பீர்கள். பஸ் நிலையச் சுவர்களில், மின்கம்பங்களில், இப்ப பேஸ்புக்கிலும் வருகிறது. ஆண்மைக்குறைவு, நரம்புத்தளர்ச்சி, விந்து முந்துதல், குழந்தையின்மை எண்டு ஒரே வரியில் நாலு சொற்கள். கீழே ஒரு தொலைபேசி இலக்கம். நாலுக்கும் ஒரே மருந்து.

இந்த நாலும் நாலு வேறு விசயம். ஒண்டு ஆண்குறி விறைப்பது பற்றியது. ஒண்டு விந்து வெளியேறும் நேரம் பற்றியது. ஒண்டு பிள்ளை உண்டாவது பற்றியது. மிச்சமிருக்கிற நரம்புத்தளர்ச்சி என்ற பெயரில், அந்த விளம்பரம் சொல்கிற மாதிரி ஒரு வருத்தம் இன்றைய மருத்துவத்தில் இல்லவே இல்லை. ஆனால் எங்கட பெடியள் கன பேருக்கு நாலும் ஒண்டுதான். சொற்கள் குழம்பிக் கிடக்கிற இடத்தில்தான் அந்தத் தொலைபேசி இலக்கத்துக்குக் காசு சேருகிறது.

இது தமிழில் மட்டும் நடந்த குழப்பம் இல்லை. ஐரோப்பாவில் இந்த வருத்தத்துக்குச் சரியான பெயர் வைக்கப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் எங்கட சொற்களையும் தெளிவாகப் பார்க்கலாம்.

நீதிமன்றத்தில் பிறந்த சொல்

‘இம்பொட்டன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் லத்தீனில் இருந்து வந்தது. ‘பொட்டென்ஷியா’ எண்டால் வலு, அதிகாரம். ‘இம்பொட்டென்ஷியா’ எண்டால் வலுவின்மை. கவனியுங்கள், இந்தச் சொல்லில் எந்த உடலுறுப்பும் இல்லை. வலு இல்லாதவன் எண்டு முழு மனிதனையும் அது சொல்லிவிடுகிறது.

இந்தச் சொல்லை நீண்ட காலம் அதிகமாகப் புழங்கியவர்கள் வைத்தியர்கள் இல்லை, திருச்சபைச் சட்டம் படித்தவர்கள். கத்தோலிக்கத் திருமணத்துக்கு விவாகரத்து கிடையாது. ஆனால் கணவனால் உடலுறவு கொள்ளவே முடியாது எண்டு நிரூபித்தால், அந்தத் திருமணம் செல்லாது எண்டு அறிவிக்கலாம். 1234இல் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியின் ஆணையில் வெளியான சட்டத் தொகுப்பில் இதற்கெண்டே ஒரு தலைப்பு இருக்கிறது. ‘குளிர்ந்தவர்கள்’, ‘சூனியம் வைக்கப்பட்டவர்கள்’, ‘கூட இயலாமை’ என்ற மூன்றும் அந்தத் தலைப்பில் ஒன்றாக வருகின்றன. உடம்பில் சூடு குறைந்தாலும் நடக்கும், ஆரோ செய்வினை செய்தாலும் நடக்கும் எண்டு அந்தக் காலத்தில் நம்பினார்கள். இண்டைக்கும் எங்கட ஊர்களில் இந்தப் பிரச்சினைக்குச் செய்வினை எடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், ஐரோப்பாவின் சட்டப் புத்தகத்திலேயே அது ஒரு காரணமாக எழுதப்பட்டிருந்ததையும் தெரிந்து வைத்திருக்கலாம்.

வழக்கு எண்டால் சாட்சி வேணும். பிரான்சில் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் இதற்கு ஒரு கொடுமையான வழி இருந்தது. வைத்தியர்களும் மருத்துவிச்சிகளும் பக்கத்தில் நிற்க, கணவனும் மனைவியும் உடலுறவு கொண்டு காட்ட வேணும். 1659இல் மார்க்கி த லான்ஜே என்ற பிரபு இந்தச் சோதனையில் தோற்றுப்போனார். திருமணம் செல்லாது எண்டாயிற்று. பரிஸ் நகரமே அவரைப் பகிடி பண்ணியது. பிறகு அவர் இன்னொரு பெண்ணை மணந்து ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பனானார். சட்டம் நிரந்தர வலுவின்மை எண்டு தீர்த்த மனிதர் அவர். இந்த அவமானத்துக்குப் பிறகு, 1677இல் பரிஸ் நீதிமன்றம் அந்தச் சோதனையை ஒழித்தது.

ஆட்கள் சுத்தி நிண்டு பார்க்கும்போது பயத்தில் உடம்பு ஒத்துழைக்காது. இண்டைக்கு எந்த வைத்தியரும் இதைச் சொல்லுவார். அண்டைக்கு அதைச் சொல்ல ஒரு சொல் இருக்கவில்லை. ‘வலுவுள்ளவன்’, ‘வலுவில்லாதவன்’ எண்டு இரண்டே பெட்டிகள்தான்.

சட்டத்தரணிகள் ஒரு நல்ல வேலையும் செய்தார்கள். உடலுறவு கொள்ள இயலாமை வேறு, பிள்ளை உண்டாக்க இயலாமை வேறு எண்டு இரண்டு தனிச் சொற்களாகப் பிரித்தார்கள். அந்த முதலாவது இயலாமை இன்றும் இலங்கைச் சட்டத்தில் இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்று காரணங்களைத்தான் தருகிறது: திருமணத்துக்குப் பின்னான பிறர்மனைச் சேர்க்கை, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமணம் நடந்த நேரத்திலேயே இருந்த குணப்படுத்த முடியாத ‘இம்பொட்டன்ஸ்’. மருத்துவ உலகம் கைவிட்ட சொல், எங்கட குடும்ப வழக்குகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நரம்பில் தேடினார்கள், மனதில் தேடினார்கள்

1760இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் தீசோ, சுய இன்பத்தால் வரும் கேடுகள் எண்டு ஒரு புத்தகம் எழுதினார். விந்து வீணாவது இரத்தம் வீணாவதை விடப் பல மடங்கு ஆபத்து என்பது அவருடைய வாதம். ஐரோப்பா முழுக்க அந்தப் பயம் பரவியது. எங்கட பக்கத்தில் ‘தாது நட்டம்’ எண்டு கதைக்கிறதும் இதே பயம்தான். இரண்டுக்கும் மருத்துவ ஆதாரம் இல்லை. விந்து உடம்பில் தொடர்ந்து உற்பத்தியாகிற ஒரு திரவம், சேமிப்புக் கணக்கு இல்லை. இந்தப் பயத்தால் வருகிற சோர்வுக்கும் பதட்டத்துக்கும் 1960இல் இந்திய உளமருத்துவர் என்.என். விக் ‘தாத் சின்ட்ரோம்’ எண்டு பெயர் வைத்தார். இலங்கையில் இதே பயத்தோடு சிகிச்சைக்கு வந்த ஆண்களைப் பற்றியும் 1989இல் ஒரு ஆய்வு வெளிவந்தது.

1869இல் அமெரிக்க வைத்தியர் ஜோர்ஜ் பியர்ட் ‘நியூரஸ்தீனியா’ என்ற சொல்லைப் பிரபலமாக்கினார். கிரேக்கத்தில் நரம்பு, பலவீனம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது அது. களைப்பு, தலையிடி, நித்திரையின்மை எல்லாம் அதற்குள் வந்தன. பிறகு பாலியல் நியூரஸ்தீனியா எண்டு தனியாக ஒரு புத்தகமும் வந்தது. சொல்லைத் தமிழில் பிரித்துப் பாருங்கள்: நரம்பு, தளர்ச்சி. சுவரில் இருக்கிற விளம்பரம் சொல்வது இந்த 19ஆம் நூற்றாண்டு நோயைத்தான். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்னுடைய நோய்ப் பட்டியலில் இருந்து நியூரஸ்தீனியாவை எடுத்துவிட்டது. எங்கட விளம்பரங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் தேடல் மனதுக்குப் போனது. 1912இல் சிக்மண்ட் பிராய்ட் மனதால் வருகிற இம்பொட்டன்ஸ் பற்றி எழுதினார். அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல், இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மனதில்தான் கோளாறு எண்டே பல வைத்தியர்கள் நம்பினார்கள். சீனி வருத்தம் உள்ள ஒரு ஐம்பது வயதுக்காரர் வந்தாலும், மனதில என்ன பிரச்சினை எண்டுதான் கேள்வி.

விடை இரத்தக் குழாயில்

விறைப்பு எப்படி நடக்கிறது என்ற கேள்விக்குப் பழைய மருத்துவம் சொன்ன பதில் காற்று. ஆண்குறிக்குள் காற்று நிரம்புகிறது எண்டு நினைத்தார்கள். தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களை ஆராய்ந்த லியனார்டோ டா வின்சி, உள்ளே இருப்பது இரத்தம் எண்டு குறித்து வைத்தார். பஞ்சு போன்ற இழையத்துக்குள் தமனிகள் வழியாக இரத்தம் வேகமாக வந்து நிரம்புகிறது. நிரம்பிய அழுத்தத்தில், இரத்தத்தை வெளியே கொண்டுபோகிற நாளங்கள் நசுங்கி அடைபடுகின்றன. வந்த இரத்தம் நிற்கிறது. மூளை, நரம்பு, ஹோர்மோன் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு இருக்கிறது, கடைசி வேலை இரத்தக் குழாயுடையது.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிய சம்பவம் மருத்துவ வரலாற்றிலேயே விசித்திரமானது. 1982இல் பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் ரொனால்ட் விராக், பப்பாவரின் என்ற மருந்தை ஆண்குறியில் ஊசியாக ஏற்றினால் விறைப்பு வருகிறது எண்டு எழுதினார். அடுத்த வருசம் லாஸ் வேகாசில் சிறுநீரியல் மருத்துவர்களின் மாநாடு. பேச வந்த பிரித்தானிய உடலியலாளர் ஜைல்ஸ் பிரிண்ட்லி, மருந்தைத் தனக்கே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். படங்களைக் காட்டி முடித்ததும், மேடையிலேயே காற்சட்டையை இறக்கி விளைவைக் காட்டினார். ஒரு விரிவுரை மண்டபத்தில் காம உணர்ச்சிக்கு இடமேயில்லை, மருந்து மட்டுமே வேலை செய்திருக்கிறது என்பதுதான் அவருடைய வாதம். சபை அதிர்ந்துபோனது. ஆனால் எல்லாம் மனதில்தான் எண்டு சொல்லுவது அதற்குப் பிறகு கஷ்டமாகிவிட்டது.

1992: பெயர் மாறிய மூன்று நாட்கள்

காரணம் தெரிந்த பிறகு பழைய பெயர் பொருந்தவில்லை. 1992 டிசம்பர் 7 முதல் 9 வரை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் ஒரு கருத்தொருமிப்பு மாநாட்டை நடத்தியது. ‘இம்பொட்டன்ஸ்’ என்ற சொல் இழிவாக ஒலிக்கிறது, அதோடு ஆசைக்குறைவையும் விந்து வெளியேறுவதில் உள்ள பிரச்சினைகளையும் சேர்த்துக் குழப்புகிறது எண்டு அங்கே முடிவானது. அதற்குப் பதிலாக, ஏற்கெனவே சிலர் பாவித்து வந்த ‘இரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்’ என்ற சொல்லை அவர்கள் பரிந்துரைத்தார்கள். தமிழில் விறைப்புக் குறைபாடு. திருப்தியான உடலுறவுக்குப் போதுமான விறைப்பை அடையவோ, அடைந்ததைத் தக்கவைக்கவோ முடியாமல் இருப்பது எண்டு அதற்கு வரையறையும் கொடுத்தார்கள்.

சின்ன மாற்றம்தானே எண்டு தோன்றலாம். ஆனால் பழைய சொல் ஒரு ஆளைப் பற்றிய தீர்ப்பு. புதுச் சொல் ஒரு உறுப்பின் வேலை பற்றிய குறிப்பு. கண் பார்வைக் குறைபாடு எண்டால் ஒருவர் கண்ணாடி போடுகிறார், அவருடைய மானம் போவதில்லை. அதே வரிசையில் இதையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

பெயர் மாறியதும் கேள்வி கேட்கிற விதமும் மாறியது. முடியுமா முடியாதா எண்டு கேட்ட இடத்தில், எவ்வளவு முடிகிறது எண்டு கேட்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயதான ஆண்களிடம் நடத்திய ஆய்வு 1994இல் வெளிவந்தது. 52 சதவீதமானவர்கள் ஏதோ ஒரு அளவில் இந்தக் குறைபாடு இருக்கிறது எண்டார்கள். முழுமையாக முடியாதவர்கள் 10 சதவீதம். அப்ப இரண்டு பெட்டிகளுக்கு நடுவில்தான் கன பேர் இருந்திருக்கிறார்கள்.

நீலக் குளிசை

இங்கிலாந்தின் சான்விச் நகரில் இருந்த ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வுகூடம், நெஞ்சுவலிக்கு சில்டெனாஃபில் என்ற மருந்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. நெஞ்சுவலிக்கு அது பெரிதாக உதவவில்லை. ஆனால் மருந்து எடுத்த ஆண்களுக்கு விறைப்பு கூடியது. 1998 மார்ச் 27இல் அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுதான் வயாகரா. அதே வருசம், உடம்பில் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயு இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது எண்டு கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வயாகரா வேலை செய்வதும் இந்த வழியில்தான். ஆசையைத் தூண்டுகிற மருந்து இல்லை அது. ஆசை வந்து நைட்ரிக் ஒக்சைட் சுரந்தால், அதன் விளைவு கெதியில் மறையாமல் பார்த்துக்கொள்ளும்.

1999இல் ஜனாதிபதித் தேர்தலில் நிண்ட பழைய வேட்பாளர் பொப் டோல் ரீவி விளம்பரத்தில் தோன்றி, தன்னுடைய புரொஸ்டேட் புற்றுநோய் பற்றியும் ‘ஈ.டி.’ பற்றியும் கதைத்தார். இரண்டு எழுத்தில் சுருக்கினால் வாய்விட்டுச் சொல்லச் சுகமாயிருக்கும் எண்டு கம்பனிக்குத் தெரியும். அந்தச் சுருக்கத்தால் கன பேர் வைத்தியரிடம் போனார்கள். தேவையில்லாதவர்களுக்கும் குளிசை விற்றது. இரண்டையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றை வாசிக்க வேணும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற நைட்ரேட் குளிசையும் நைட்ரிக் ஒக்சைட் வழியாகத்தான் வேலை செய்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும், உயிரும் போகலாம். மூலிகை எண்டு சொல்லி விற்கிற தூள்களில் சில்டெனாஃபில் இரகசியமாகக் கலந்திருப்பதை வேறு வேறு நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பல தடவை கண்டுபிடித்திருக்கிறார்கள். என்ன எடுக்கிறோம் எண்டே தெரியாமல் எடுக்கிற ஆளுக்கு இந்த எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

எங்கட சொற்கள்

இனி வீட்டுக்கு வருவம். மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் சொல்லலாம் எண்டு யாழ்ப்பாணத்தில் செய்து காட்டியவர் சாமுவேல் கிறீன். அமெரிக்க மிஷனரி வைத்தியர். 1847இல் வந்தவர், மானிப்பாயில் இருந்து வேலை செய்தார். 1864இல் தன்னுடைய மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். உடற்கூற்றியல், பிரசவ மருத்துவம், சத்திரசிகிச்சை, இரசாயனம் எண்டு பாடநூல்கள் தமிழில் வந்தன, கலைச்சொல் தொகுப்புகளும் வந்தன. ஒரு உறுப்புக்கு, ஒரு நோய்க்கு, ஒரு கருவிக்கு எண்டு ஆயிரக்கணக்கான பெயர்களை இருந்து யோசித்து உருவாக்க வேண்டியிருந்தது. சொல் தானாக வராது, ஆராவது அதற்கு வேலை செய்ய வேணும் என்பதற்கு மானிப்பாய் ஒரு சாட்சி.

இந்த வருத்தத்துக்கு மட்டும் எங்கட வாயில் இன்னும் நிற்பது ‘ஆண்மைக்குறைவு’. இதுவும் பழைய லத்தீன் சொல் மாதிரித்தான், உறுப்பை விட்டுவிட்டு ஆளைச் சொல்லுகிறது. ஆனால் ‘ஆண்மை’ எங்கட பழைய இலக்கியத்தில் விறைப்பைப் பற்றிய சொல்லே இல்லை. குறளில் ‘பேராண்மை’ இரண்டு இடத்தில் வருகிறது. ஓரிடத்தில் பிறர் மனைவியை நினைக்காத ஒழுக்கம் அது. இன்னோரிடத்தில் போர்க்களத்துத் துணிவு, அங்கேயும் பகைவனுக்கு இடர் வந்தால் உதவுவதுதான் அதன் கூர்மை எண்டு வள்ளுவர் சேர்த்துச் சொல்லுகிறார். குறளின் அளவுகோலில் பார்த்தால், சீனி வருத்தத்தால் விறைப்புக் குறைந்த ஒருவருக்கு ஆண்மை ஒரு துளியும் குறையவில்லை. அவருடைய இரத்தக் குழாயும் நரம்பும் பழுதாகியிருக்கின்றன, அவ்வளவுதான்.

‘மலடு’ இன்னொரு சிக்கல். ‘மலடி’ எண்டு ஒரு பெண்ணைச் சொல்லக் கூசாத வாய்கள் எங்கட ஊரில் இருக்கின்றன, ‘மலடன்’ எண்டு அப்படிச் சொல்லிக் கேட்பது குறைவு. பிள்ளை இல்லையெண்டால் முதலில் கிளினிக்குக்கு அனுப்பப்படுவது பெண்தான். நல்லா விறைக்கிற ஆணின் விந்தில் உயிரணுவே இல்லாமல் இருக்கலாம். விறைப்புக் குறைந்த ஆணின் உயிரணுக்கள் நல்ல நிலையில் இருக்கலாம். இரண்டு சொல்லையும் ஒண்டாக்கி வைத்திருப்பதால், எனக்கு அதெல்லாம் சரியாத்தான் இருக்கு எண்டு சொல்லி ஆண் பரிசோதனைக்குப் போகாமல் தப்புகிறான். பழி மனைவியின் தலையில் விழுகிறது.

சொற்களைப் பிரித்து வைப்பம்

விறைப்புக் குறைபாடு: விறைப்பு போதுமான அளவு வராமல் அல்லது நிற்காமல், சில மாதங்களாகத் தொடர்வது. களைப்பில், வெறியில், முதல் தடவைப் பதட்டத்தில் ஒருநாள் வராமல் போனால் அது வருத்தம் இல்லை.

விந்து முந்துதல்: விறைப்பு வருகிறது, விந்து நினைத்ததை விடக் கெதியில் வெளியேறிவிடுகிறது. இதற்கான சிகிச்சை வேறு.

ஆசைக்குறைவு: உடலுறவில் நாட்டமே இல்லாதிருப்பது. மனச்சோர்வு, சில மருந்துகள், டெஸ்டொஸ்டெரோன் குறைவு எண்டு காரணங்கள் பல.

மலட்டுத்தன்மை: கருத்தடை எதுவும் இல்லாமல் ஒரு வருசம் உறவு கொண்டும் கரு உண்டாகாதிருப்பது. இது ஆண், பெண் இருவரையும் பரிசோதிக்க வேண்டிய விசயம்.

மனம் சார்ந்தது, உடல் சார்ந்தது: வைத்தியர் விடியக்காலையில் தானாக விறைப்பு வருகிறதா எண்டு கேட்பார். அது வழமைபோல வந்தால், குழாயும் நரம்பும் வேலை செய்கின்றன, பதட்டமோ கவலையோ காரணமாக இருக்கலாம் எண்டு ஊகிக்கலாம். பல பேரில் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

இந்தப் பிரிப்பு ஏன் அவசரம்? ஆண்குறிக்குப் போகிற தமனிகள் இதயத்துக்குப் போகிற தமனிகளை விடச் சிறியவை. கொழுப்புப் படிந்தால் முதலில் அடைபடுவது சின்னக் குழாய். அதனால் சிலருக்கு நெஞ்சுவலி வருவதற்குச் சில வருசங்களுக்கு முன்னமே விறைப்பு குறையத் தொடங்குகிறது. சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல், புகைத்தல் எல்லாம் இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். இந்த அறிகுறியோடு வருகிற ஒருவருக்குச் சீனியும் பிரஷரும் கொலஸ்ட்ரோலும் பார்க்க வேண்டியது கட்டாயம். அவர் விளம்பரத் தூளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், காசு போகிறது எண்டதோடு முடிவதில்லை. மாரடைப்பைத் தடுக்க உடம்பு கொடுத்த முன்னறிவித்தலும் வீணாகிறது.

கிளினிக்கில் தமிழில் எப்படிச் சொல்லுறது எண்டு கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு வசனம் எழுதி வைக்கிறம்: “டொக்டர், மூண்டு மாசமா எனக்கு விறைப்பு சரியா வாறேல்ல, வந்தாலும் நிக்குதில்ல.” இதில் ஆண்மையும் இல்லை, குறைவும் இல்லை. எப்ப தொடங்கினது, எது நடக்கேல்ல எண்ட இரண்டும் இருக்கு. வைத்தியருக்குத் தேவையானது அவ்வளவும்தான். வீட்டில் அப்பா, மாமா, அண்ணா ஆருக்காவது சீனி வருத்தம் இருந்தால், இந்த வசனத்தை அவர்களுக்கும் ஒருக்கால் சொல்லிக் குடுங்கோ.